அக்கா தரையிலிருந்து எழுந்த விதம்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களில் பலர் அவரைப் புடவைக் கடையில் பார்த்துப் பழகியவர்கள். அதனால் கடைசிச் சில ஆண்டுகளைப் பற்றிச் சற்றுக் கூடுதலாக எழுதுகிறேன்.

பிறப்புப் பத்திரத்தில் டிசம்பர் என்று இருந்தாலும், அக்கா பிறந்தது ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை என்று அம்மா சொல்வார். குடும்பத்தில் ஆவணிதான் நிலைத்தது. பிறந்த இடம் தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. நான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த ஆண்டில் அக்கா படிப்பை நிறுத்திவிட்டு, சிராங்கூன் சாலைப் புடவைக் கடையில் வேலைக்குப் போனார். அத்தான் காலமானபோது மகன் குமரன் தொடக்கநிலை இரண்டாம் வகுப்பில் இருந்தான். நாள் முழுவதும் நின்றபடி புடவை விரித்துக் காட்டியே அவனைப் படிக்கவைத்தார். ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடமும் முகம் சுளித்ததில்லை.

ஓய்வுக்குப் பின் குவீன்ஸ்டவுன் வீட்டில் தனியாக இருந்தார். குமரனுக்குப் பெர்த்தில் வேலை. ஒரு தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் அக்கா குளியலறையில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் எழ முடியவில்லை. மாற்றுச் சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டு ரொஹானா மாலையில் வந்து பார்க்கும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தார்.

குமரனும் நானும் அரண்டுபோனோம். அடுத்த முறை யாரும் வராமல் போனால்? சுவா சூ காங்கில் என் வீட்டுக்கே வந்துவிடும்படி வற்புறுத்தினேன். தம் வீட்டை விட்டுவர அக்காவுக்கு மனமில்லை. தீபாவளி வரை பொறுக்கச் சொன்னார்.

இதற்கிடையே ரொஹானா அவரைச் சமூக மன்றத்துக்கு அழைத்துப்போனார். செவ்வாய்தோறும் காலையில் மூத்தோருக்கான வகுப்பு. ஒற்றைக் காலில் நிற்பது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது ஆகியவற்றோடு, விழுந்தால் தாமாக எழுவது எப்படி என்றும் பயிற்றுநர் மிஸ் லிம் சொல்லிக்கொடுத்தார்.

“விழறதுக்கெல்லாமா கிளாஸ்?” என்று கேலி செய்தேன்.

“எழுந்திரிக்கத்தான்டா கிளாஸ். விழ எனக்கே தெரியும் லா,” என்றார் அக்கா.

தீபாவளிக்குக் குமரன் வந்திருந்தான். என் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் வீடு மாறும் பேச்சை ஆரம்பித்தேன். அக்கா புதுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்தார். என் மனைவி பதறி ஓடிவந்தாள். அக்கா கையசைத்து அவளை நிறுத்தினார். மெல்ல ஒருக்களித்தார்; முழங்கையை ஊன்றி மண்டியிட்டார்; சோபா வரை தவழ்ந்து, அதைப் பிடித்து, ஒரு காலை முன்வைத்து எழுந்து நின்றார்.

“இப்ப நீ படு,” என்றார் என்னிடம்.

படுத்தேன். என்னைத் தூக்கிவிட மனைவியும் குமரனும் வேண்டியிருந்தது.

“இனிமே மாமாவை யார் வீட்ல வச்சுப் பாத்துக்கிறது?” என்றான் குமரன். பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த செவ்வாய் நானும் ரயிலேறி அந்த வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பின்னர் ஒரு முறை அக்கா சமையலறையில் விழுந்தார். தாமே எழுந்து, தேநீர் போட்டுக் குடித்திருக்கிறார். அதுவும் வகுப்பில் அவர் மிஸ் லிம்மிடம் பெருமையாகச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்கு நிம்மதியான தூக்கம் வந்தது.

இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த உறவினர்களுக்கும், வகுப்புச் சட்டையோடு நேரே வந்து நின்ற செவ்வாய்க்கிழமைத் தோழர்களுக்கும், மிஸ் லிம்முக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ரொஹானாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்கா மறைந்த நாள் காலை அவர் கதவைத் திறக்காததால், ரொஹானாதான் சாவி போட்டு உள்ளே போய்ப் பார்த்தார். எனக்குத் தொலைபேசியில் அழைத்து, “கட்டிலில் இருக்காங்க, கீழே இல்லை,” என்றுதான் மலாயில் முதலில் சொன்னார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது என்பதை அதற்குப் பிறகே சொன்னார். அந்த வரிசையில் சொன்னதற்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.