இரண்டு பேர் தூக்குகிற வண்டி

என் மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். ஐந்து நாளைக்கு முன்னால் மூன்று மோட்டார் சைக்கிள்களின் படங்களை எனக்கு அனுப்பியிருந்தான். கூடவே அவன் குரலும் வந்தது. “அப்பா, காட்டுப் பாதைலயும் போவணும், ஹைவேஸ்லயும் போவணும். ரெண்டுக்கும் தோதா எதுன்னு பாத்துச் சொல்லுங்க. நீங்கதான் மெக்கானிக்காச்சே.” மெக்கானிக் என்பது அவன் எனக்குத் தரும் மரியாதை. நீடாமங்கலத்தில் ஒரு டிராக்டர் பட்டறையில் முப்பது வருடமாகக் கையில் கிரீசோடு நிற்கிற ஆள் நான். இந்தப் புது வண்டிகளின் டயரைப் பார்த்தால் எனக்கு டிராக்டரின் பேரப்பிள்ளைகள் மாதிரிதான் தெரிகிறது.

படங்களோடு ஒரு வீடியோவும் இருந்தது. ஒரு பையன் வண்டியைச் சேற்றில் இறக்கி, தொப்பலாக நனைந்து, கரையேறிச் சிரிக்கிறான். சேற்றைப் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வீடியோவில் வாசனை வராதுதான். ஆனால் சூடான சைலன்சரில் களிமண் அப்பிக் கருகுகிற அந்த வாசனை எனக்கு வந்துவிட்டது. என் இளவயதில் எங்களிடம் இருந்த வண்டியில் எப்போதும் அந்த வாசனைதான் அடிக்கும்.

எங்கள் தெருவுக்கு அப்போது பாதை கிடையாது. தார் ரோட்டிலிருந்து அரை மைல் தூரம் அடுத்தவர்கள் வயலுக்கு நடுவே ஒற்றை வரப்பில் வர வேண்டும். பாதி வழியில் வாய்க்கால் ஒன்று குறுக்கிடும். அதன்மேல் இரண்டு பக்கமும் கைப்பிடி கட்டிய மூங்கில் பாலம். பெண் பார்க்க வந்தவர்கள், ஓட்டுக் கேட்க வந்தவர்கள், பிரசவத்துக்குப் போனவர்கள் எல்லோரும் அந்த வரப்பில்தான் ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். கூலிக்கு அறுத்த கையால் அப்பா வாங்கிய மூன்று ஏக்கரும் எங்கள் தெருவை ஒட்டித்தான் இருந்தது. தெருவில் முதல்முதலாக நிலம் வாங்கிய ஆள் அவர். பட்டாவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார்.

அண்ணன் சிங்கப்பூர் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடங்களில் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சிங்கப்பூர் தைல வாசனை அடிக்கும். தலைவலி இல்லாதவர்களும் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். ஐடிஐ முடித்துவிட்டு நானும் என் முறைக்காகக் காத்திருந்தேன். அப்பாவுக்கு அது தெரியும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “அண்ணனுக்கு எழுது. தம்பிக்கு ஒரு வண்டி வேணும்னு எழுது” என்றார். அவருக்கு எழுதத் தெரியாது. வீட்டுக் கடிதமெல்லாம் நான்தான் எழுதுவேன். வண்டி என்றதும் வாயெல்லாம் பல்லாக ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். என் காலுக்கான கயிற்றை நானே கேட்டு வாங்குகிறேன் என்று அப்போது உறைக்கவில்லை.

தஞ்சாவூரில் கண்ணாடி போட்ட கடை ஒன்றுக்குப் போனோம். பதிந்து வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் முடிந்து, வண்டிகள் வரிசையாகப் பளபளவென்று நின்றன. டை கட்டிய ஒரு தம்பி மைலேஜிலிருந்து ஆரம்பித்தார். அப்பா மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். அதில் இரண்டு முடிச்சு. மூங்கில் பாலத்தின் கைப்பிடிகளுக்கு நடுவே உள்ள அகலம் அது. ஒவ்வொரு வண்டியின் ஹேண்டில்பாரிலும் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார்.

எனக்கு ஒரு கறுப்பு வண்டி மேல் கண். கனமான வண்டி. உட்கார்ந்தால் அப்படியே மெட்ராஸ்வரைக்கும் போய்விடலாம் போல இருந்தது. அப்பா அதன் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, “நீ முன்னால புடி, தூக்குவோம்” என்றார்.

“ஐயா, என்னங்க பண்றீங்க?” என்று டை கட்டியவர் ஓடி வந்தார்.

“எங்க ஊரு வரப்புல வண்டி திரும்பாது தம்பி. தூக்கித்தான் திருப்பணும். ரெண்டு ஆளு தூக்குற மாரி இருக்கணும்.”

கறுப்பு வண்டி அசையவில்லை. முன்சக்கரம் கொஞ்சம் எழும்பியதை நான் சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. ஒல்லியான சாம்பல் நிற வண்டி ஒன்று முழ உயரம் எழும்பியது. கயிறும் சரியாக இருந்தது. “இதுதான். ரோட்டுக்கும் ஆச்சு, வரப்புக்கும் ஆச்சு. ரெண்டுக்கும் தோது” என்றார். கடைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் எனக்கு மானமே போனது.

ரெண்டுக்கும் தோது என்பது சும்மா பேச்சு. வரப்பில் முதல் கியரைத் தாண்ட முடியாது. இரண்டு காலையும் துடுப்பு மாதிரி ஊன்றிக்கொண்டே போக வேண்டும். நண்டு வளையில் முன்சக்கரம் விழுந்தால் பல் கிட்டித்துவிடும். மழை பெய்தால் களிமண் மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாது. குச்சியை வைத்து நோண்ட வேண்டும். பொறுக்க முடியாமல் முன் மட்கார்டைக் கழற்றி எறிந்தேன். அதன் பிறகு தார் ரோட்டில் போனால் சகதி முழுக்க என் மூஞ்சியில்தான். வரப்புக்காகக் கழற்றியது ரோட்டில் உதைத்தது. இருந்தாலும் அந்த வண்டி மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை. தினமும் வாய்க்காலில் துணி நனைத்துத் துடைப்பேன்.

வண்டி வந்த நாலாம் மாதம் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அவன் கம்பெனிக்கு ஆளெடுக்கத் தஞ்சாவூருக்கு ஒருவர் வருகிறார், இன்ன லாட்ஜ், காலை ஒன்பதிலிருந்து பத்து வரைதான், பிறகு அவர் வேறு ஊருக்குப் போய்விடுவார், தம்பியை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தான். அப்பாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த நாலு வரியை நான் விழுங்கிவிட்டேன். முதல்நாள் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடியில் தொங்கவிட்டேன். திருட்டுத்தனம் செய்கிறவன் இஸ்திரி போடலாமா? எனக்கு அவ்வளவுதான் சாமர்த்தியம்.

விடிந்து எழுந்தபோது அப்பா வீட்டில் இல்லை. தார் ரோட்டோரம் விட்டிருந்த நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டப் போயிருப்பதாக அம்மா சொன்னாள். சர்டிபிகேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏழரைக்குக் கிளம்பினேன். மூங்கில் பாலத்தைத் தாண்டி முக்கால் வரப்பு வந்துவிட்டேன். தார் ரோட்டில் போகிற லாரிகூடத் தெரிந்தது. எதிரே தலையில் நாற்றுக் கட்டோடு அப்பா வந்துகொண்டிருந்தார். அவர் பின்னால் வரிசையாக நாற்பது பேர்.

வரப்பில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. தலையில் சுமை இருக்கிறவருக்கு வழி, சும்மா வருகிறவர் சேற்றில் இறங்கி நிற்க வேண்டும். வண்டி இறங்குமா? இரண்டு பக்கமும் அடுத்தவர் வயல், நட்டு மூன்று நாள்கூட ஆகாத பயிர்.

“எறங்கிக்கட்டுமாப்பா?”

“ஊரான் நடவுல வண்டிய எறக்குவியா? நாளைக்கு யாரு பேச்சுக் கேக்குறது?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வயல்காரர்களிடம் அவர் கேட்காத பேச்சில்லை. நாற்றுக் கட்டை மெதுவாக வரப்பில் இறக்கி வைத்தார். என் சட்டையைப் பார்த்தார். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து, “புடி, திருப்புவோம்” என்றார். தூக்கினோம். கடையில் எழும்பியது போலவே லேசாக எழும்பியது. வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தோம்.

நான் முன்னே, நாற்பது பேர் பின்னே, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி திரும்பிப் போனோம். “புதுச் சட்டயெல்லாம் போட்டுக்கிட்டு எங்க தம்பி கெளம்புன?” என்று பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா பின்னாலிருந்து கேட்டது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வரப்பு காலியாவதற்காக நின்றேன். காலியாகவில்லை. ஒரு நடை வந்து இறக்கினால் அடுத்த நடைக்குப் போகிறார்கள், போனவர்கள் சுமையோடு வருகிறார்கள். நான் லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் மேல் கழுவாத டீ டம்ளர்கள் மூன்று இருந்தன.

வண்டியை வரப்பிலேயே போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி ஓடியிருந்தால் எட்டு மணி பஸ் கிடைத்திருக்கும். சட்டை அழுக்காகியிருக்கும், அவ்வளவுதான். எனக்கு அது தோன்றாமல் இல்லை. வண்டியை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அப்பா அதைக் கணக்குப் போட்டுத்தான் வாங்கிக் கொடுத்தார் என்று சில சமயம் நினைப்பேன், பிறகு அப்படி நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொள்வேன். அதற்குப் பிறகு ஆளெடுக்க யாரும் வந்ததாக அண்ணன் எழுதவில்லை. பட்டறை வேலை வந்தது, கல்யாணம் வந்தது, மூன்று ஏக்கரை நான் பார்த்துக்கொண்டேன். குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பழகிவிட்டது. உங்களிடம் என்ன மறைப்பது, குறைதான். சில நாள் பட்டறையில் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் போகிற பஸ்ஸையே பார்த்து நின்றிருக்கிறேன்.

அப்பா செத்த அன்று ராசாத்தி அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பெருமைகளைச் சொல்லி அழுதுகொண்டிருந்தது. நடுவில் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னது: “ஒன்ன வரப்புல மறிச்சோமே, அன்னிக்கு நடவே இல்ல தம்பி. ரெண்டு நாளு கழிச்சுத்தான் சொல்லியிருந்தாரு. மொத நா பொழுதுசாய வூடு வூடா வந்து, நாளைக்கே வந்துருங்க, தண்ணி வத்திரும்னு கையப் புடிச்சுக் கேட்டாரு. வாய்க்கா தளும்பத் தளும்பப் போவுது, எங்கேருந்து வத்துது?”

என் அழுகை நின்றுவிட்டது. அப்படி ஒரு கோபம் வந்தது. கோபித்துக்கொள்ள வேண்டிய ஆள் கட்டில் மேல் மாலையோடு படுத்திருந்தார்.

இப்போது அந்த வரப்பு இல்லை. பன்னிரண்டு அடிக்குச் சிமெண்ட் ரோடு போட்டு, மூங்கில் பாலம் இருந்த இடத்தில் குழாய் பதித்துவிட்டார்கள். வேன்கூட வந்து ஒரே வீச்சில் திரும்பிப் போகிறது. நாற்பது பேர் நட்டதை ஒரு மிஷின் நட்டுவிடுகிறது. சாம்பல் வண்டியைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப்போனார். துருப்பிடித்து பாகங்கள் கழன்று அவ்வளவு இளைத்திருந்தது, ஒரே ஆளாகத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார். தார் ரோடுவரை தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று மகன் மறுபடியும் கூப்பிட்டான். “என்னப்பா, நாலு நாளா யோசிக்கிறீங்க?”

இந்த நாலு நாளும் எடை குறைந்த வண்டியாகப் பார், ஊருக்கு வந்துபோக லேசாக இருக்கும் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். நுனி நாக்குவரை வந்துவிட்டது. அது அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது.

“அந்த மூணுல எது கனம்?” என்று கேட்டேன்.

“கறுப்புதாம்ப்பா. இருநூறு கிலோ. ஏன்?”

“ரெண்டு பேரு சேந்தாலும் தூக்கித் திருப்ப முடியாதுல்ல?”

“எப்படிப்பா முடியும்?”

“அப்ப அதையே வாங்கு.”