கல் கேட்ட மாரிகாலம்

மத்தியான வெயிலில் ஓடித் திரிந்துவிட்டு வந்து குப்புறப் படுத்தால், அந்தக் கல்லின் குளிர்ச்சி முதலில் வயிற்றில் ஏறி, பிறகு நெஞ்சுக்கு வந்து, கடைசியில் கன்னத்தில் வந்து நிற்கும். மேலே வம்மிமரம் நிழல் விரித்திருக்க, மூக்குக்குக் கிட்டப் பாசியும் பழைய விளக்கெண்ணெயும் கலந்த ஒரு மணம் இருக்கும். கையை விளிம்புக்குக் கீழே விட்டுத் தடவினால் உருண்டை உருண்டையாகத் தலைகள் தட்டுப்படும். பூதகணங்கள். ஒருவன் மத்தளம் அடிப்பான், ஒருவன் சங்கு ஊதுவான், ஒருவன் ஒரு வேலையும் செய்யாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மலரும் நானும் அவனுக்கு "வயித்துவலிக்காரன்" என்று பெயர் வைத்திருந்தோம். மலர் என் அப்பாவின் தங்கை பூரணம் மாமியின் ஒரே பிள்ளை, என்னைவிட ஒரு வயது மூத்தவள்.

எங்கள் ஊர் படுவான்கரையில், வாவிக்கு மேற்கே இருக்கிறது. வாவியை நாங்கள் "ஆறு" என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றோரத்துப் பிள்ளையார் கோயில் ஒரு காலத்தில் முழுக்கக் கல்லால் கட்டப்பட்டிருந்ததாம். எப்போது இடிந்தது, யார் இடித்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. நான் கண்டது ஓடு வேய்ந்த ஒரு சிறிய செங்கல் கோயிலையும், அதைச் சுற்றி முற்றத்தில் கிடந்த கற்களையும்தான். எட்டுப்பட்டைத் தூண்கள் இரண்டு, கொடி செதுக்கிய நிலைக்கல் ஒன்று, வாய் உடைந்த மகரம் ஒன்று, முன்பு மண்டபத்துக்குக் கூரையாகக் கிடந்த நீண்ட பலகைக்கற்கள் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றின் விளிம்பில்தான் பூதகணங்கள் வரிசையாக நின்றன.

அப்பா அந்தக் கோயிலின் "வண்ணக்கர்". வேறு ஊர்க்காரர்கள் தர்மகர்த்தா என்று சொல்லக்கூடும். எங்கள் பக்கத்தில் அந்தப் பதவி தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவதில்லை, சகோதரியின் வழியில்தான் போகும். அப்பாவுக்குப் பிறகு அது பூரணம் மாமியின் வயிற்றுக்கு உரியது. மாமிக்கு ஆண்பிள்ளை இல்லாததால் என்றைக்காவது மலர் பெறும் மகனுக்குப் போய்ச் சேரும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொள்வார்கள். "எங்கட வண்ணக்கர்ர ஆச்சி", அதாவது தாய், என்று பத்து வயதுப் பிள்ளையை ஊர் முழுக்கக் கேலி செய்தது. அவளும் கோபித்துக்கொள்ளாமல் கல்லின்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து எங்களுக்குத் திருநீறு பூசிவிடுவாள்.

அப்பா வயல் வட்டையில் வேளாண்மை செய்தவர். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஒருமுறை எங்கோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் ஒருவர் கற்களை அளந்து படம்பிடித்துவிட்டு, இவை சோழர் காலத்தவையாகவோ அதற்குச் சற்றுப் பிந்தியவையாகவோ இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை அப்பா மனப்பாடமாக வைத்திருந்தார். ஆனால் அவர் தாமாகக் கண்டுபிடித்த ஒன்றும் இருந்தது. பூதகணங்களின் இடுப்புத்துணி, எங்கள் ஊரில் சூடு மிதித்து நெல் பிரிக்கும்போது ஆண்கள் கட்டும் அதே மாதிரி இடப்பக்கம் முடிந்து கிடந்தது. வருகிறவர்களையெல்லாம் குனியவைத்து அதைக் காட்டுவார். "பாருங்க, இது நம்மட வட்டைக்காரன்ட கட்டு. செதுக்கினவன் எங்கயிருந்து வந்தானோ தெரியா, நம்மட ஆக்களப் பாத்துத்தான் செதுக்கியிரிக்கான்" என்பார்.

இந்த நாட்டில் யார் முதலில் இருந்தார்கள் என்று எல்லாரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் காணிகளில் பாதிக்கு உறுதிப்பத்திரம் கிடையாது. "நம்மளுக்கு இந்தக் கல்லுத்தான் உறுதி" என்று அப்பா சொல்லும்போது அதில் விளையாட்டே இருக்காது. இப்போது கூட்டங்களில் பண்பாட்டுச் சின்னம், மரபுரிமை என்றெல்லாம் பேசுகிறார்கள். அப்பாவுக்கு அந்தச் சொற்கள் தெரியாது. அந்தக் கல் போய்விட்டால் தன்னை ஊரைவிட்டு யாரும் எழுப்பிவிடலாம் என்கிற பயம் மட்டும் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாரி. அக்கரை இராணுவ முகாமிலிருந்து எந்த நேரமும் ஷெல் வந்தது. வீட்டுக்கு வீடு "பங்கர்" என்ற பதுங்குகுழி வெட்டித் தென்னங்குற்றிகளை அடுக்கி மண்மூட்டை போட்டிருந்தார்கள். மழை தொடங்கியதும் மண்மூட்டைகள் நீரைக் குடித்துக் கனத்தன, குற்றிகள் உளுத்தன. அப்போதுதான் ஊர் கூடி, கோயில் வளவின் மூலையில் மேடான இடத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரிய பங்கர் வெட்டி, அதற்கு அந்த ஐந்து பலகைக்கற்களையும் மூடியாகப் போடலாம் என்று அப்பாவிடம் வந்து கேட்டது.

முன்னுக்கு நின்று கேட்டவர் பூரணம் மாமிதான். மாமா அதற்கு முந்திய ஆண்டு அக்கரைக்குச் சாமான் வாங்கப் போனவர், திரும்பவில்லை. "அண்ணன், ஒரு நாளைக்கு எத்தின தரம் இவள இழுத்துக்கிட்டு அந்த ஊத்தத் தண்ணிக்குள்ள இறங்கிற? கல்லுத்தானே, தாங்க. சண்டை முடிய எடுத்து அந்தந்த இடத்தில வைப்பம்" என்றார். அப்பா, "நான் ஆரு குடுக்க? சாமிட்டக் கேப்பம். பூக்கட்டிப் பாப்பம்" என்றார்.

கோயில் காரியத்தில் முடிவெடுக்க முடியாதபோது எங்கள் ஊரில் செய்வது அதுதான். ஓர் இலையில் வெள்ளைப் பூவும் இன்னோர் இலையில் சிவப்புப் பூவும் வைத்து, வெளியே தெரியாமல் வாழைநாரால் கட்டிச் சாமிக்கு முன்னால் வைப்பார்கள். ருதுவாகாத ஒரு பெண்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும். பூக்களைக் கட்டுவது வண்ணக்கரின் வேலை. அன்றைக்கு எடுக்கிற வேலை எனக்கு வந்தது.

நான் எடுத்ததைப் பூசாரி பிரித்தார். செவ்வரத்தம் பூ, சிவப்பு. மாமி சாமியைப் பார்த்து, "உனக்கும் எங்கள வேணாமா?" என்று கேட்டுவிட்டு மலரின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

மற்றப் பொட்டணத்தை ஆற்றில் விடச் சொல்லி அப்பா என்னிடம் தந்தார். துறையில் நின்றபோது அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. பிரித்தேன். அதற்குள்ளும் செவ்வரத்தம் பூதான் இருந்தது.

ஒன்பது வயதில் எனக்கு அது விளங்காமல் இல்லை. அப்பா சாமியிடம் கேட்கவில்லை. கேட்டால் சாமி சம்மதித்துவிடுமோ என்று பயந்திருக்கிறார். நான் பூவையும் இலையையும் நாரையும் நீரில் எறிந்துவிட்டுத் திரும்பி வந்தேன். "ஆத்தில விட்டயா?" என்று அப்பா கேட்டார். "ஓம் அப்பா" என்றேன். அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. கல் போகாது, நாங்கள் படுத்து விளையாடலாம், வயித்துவலிக்காரன் எங்களோடு இருப்பான். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். காலையில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே அடிக்கத் தொடங்கினார்கள். நாங்கள் எங்கள் வீட்டுப் பங்கருக்குள் இறங்கினோம். அவர்கள் வீட்டில் மாமி, "நீ ஓடு, நான் உலைய இறக்கி வெச்சிட்டு வாறன்" என்று மலரை முன்னால் அனுப்பியிருக்கிறார். ஷெல் பங்கரின்மேல் விழவில்லை, வேலிக்கு அப்பால்தான் விழுந்தது. அந்த அதிர்வே போதுமானதாக இருந்தது. உளுத்த குற்றிகளும் நனைந்த மண்ணும் ஒன்றாக உள்ளே இறங்கிவிட்டன. அப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் கையாலேயே தோண்டினார்கள். தோண்டி எடுத்தபோது அவள் உடம்பில் ஒரு காயம்கூட இல்லை, வாய் நிறைய மண்தான் இருந்தது.

கல் போட்டிருந்தால் மலர் பிழைத்திருப்பாள் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. கல்லும் உடையக்கூடியதுதான், பொதுப் பங்கருக்கு அவள் ஓடிப்போய்ச் சேர்ந்திருப்பாளா என்பதும் தெரியாது. இப்படியெல்லாம் எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பலன் இல்லை. எனக்கு அலுத்துவிட்டது.

அடுத்த கிழமையே ஊர் எழும்பிவிட்டது. வள்ளங்களில் ஆற்றைக் கடந்து புளியந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம், பிறகு கல்லடிக்கு வந்தோம். அப்பா வண்ணக்கர் பதவியை விட்டுவிட்டார். ஊருக்குப் போகலாம் என்று வந்த பிறகும் அந்தக் கோயில் வாசலை அவர் மிதிக்கவில்லை, கல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாமி முதல் ஆளாகத் திரும்பிப் போய், கோயில் முற்றத்தைக் கூட்டிக்கொண்டு தனியாகக் குடியிருந்தார். அண்ணனும் தங்கையும் கதைப்பதே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் என்று எல்லாரும் நினைத்தோம். அப்பா கல்லடியில் இறந்தபோது மாமி வந்தார், தலைமாட்டில் வெகுநேரம் நின்றார், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். பொட்டணத்தைப் பிரித்த விஷயத்தை நான் அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. அதை எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றாகவே நினைத்திருந்தேன், அவருக்கோ எனக்குத் தெரியும் என்பதே தெரியாது.

இப்போது நான் புளியந்தீவில், கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருக்கிறேன். எங்கள் ஊர்க் கல்லைப் பார்க்க யாராவது வந்தால் "நீங்க அந்த ஊர்தானே" என்று என்னைத்தான் கூட அனுப்புவார்கள். கற்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். தொடக்கூடாது என்று மூன்று மொழிகளிலும் பலகை வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் வந்து பூதகணங்களைப் படம்பிடித்துப் போகிறார்கள். இடுப்புத்துணியின் கட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. இப்படியான கட்டுரைகளின் முடிவில், அன்றிருந்தது இன்றில்லை என்று ஒரு பட்டியல் போடுவார்கள். எங்கள் ஊரில் கல் ஒன்றும் காணாமல் போகவில்லை. தூண் இரண்டும் இருக்கின்றன, மகரம் இருக்கிறது, பலகைக்கல் ஐந்தும் கிடந்தபடியே கிடக்கின்றன. கேட்டு வந்த ஆட்களில்தான் பாதிப்பேர் இல்லை.

போன மாதம் அங்கே ஒரு விழா வைத்தார்கள். "கல்லைக் காத்த வண்ணக்கர்" என்று அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். ஷெல் விழுந்த காலத்திலும் ஒரு கல்லை அசைய விடாத மனிதர் என்றார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். அவருக்குரிய பொன்னாடையை எனக்குப் போர்த்தினார்கள். சிரித்துக்கொண்டு வாங்கினேன்.

எல்லாரும் போன பிறகு மாமி வழக்கம்போல் விளக்குமாற்றோடு வந்து முற்றம் கூட்டத் தொடங்கினார். நான் பொன்னாடையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் தொண்டைக்குள் கிடந்ததை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், ஒரே மூச்சில், "மாமி, நான் அண்டைக்கு மற்றப் பொட்டணத்தப் பிரிச்சுப் பாத்தன்" என்றேன்.

மாமி கூட்டுவதை நிறுத்தவில்லை. "ரெண்டும் செவப்புத்தான். தெரியும்" என்றார்.

"ஆரு சொன்ன?" என்றேன்.

"அண்ணன்தான். பிள்ளைய மண்ணுக்குள்ள தாட்ட அண்டைக்கே வந்து எண்ட காலடியில இருந்துகொண்டு சொன்னவர். ஊரக் கூட்டிச் சொல்லப்போறன் எண்டு நிண்டார். நான்தான் விடல்ல. சொன்னா அவர அண்டைக்கே அடிச்சிச் சாகடிச்சிருப்பானுகள். புருசனும் இல்ல, பிள்ளையும் இல்ல, கூடப்பிறந்தவனையும் குடுத்திட்டு நான் என்ன செய்ற? அவர் உசிரோட இரிக்கட்டும், எனக்கு முன்னுக்கு வரவேணாம் எண்டன். வரல்ல."

அப்பா அந்த வாசலை ஏன் மிதிக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மாமி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "நீ அண்டைக்கே பாத்தயா? ஒம்பது வயசிலயா?"

"ஓம் மாமி."

"இவளவு காலமும் தனியக் கொண்டா திரிஞ்ச நீ? என்னட்ட வந்திருந்தா ரெண்டு பேரும் சேந்தெண்டாலும் அழுதிருக்கலாமே புள்ள" என்றார்.

மாமிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. எனக்கும் தலை நரைத்துவிட்டது. அழத்தான் நினைத்தோம், இருவருக்கும் வரவில்லை. மாமி கூட்டிய சருகைப் பனையோலைக் கடகத்தில் அள்ளினார், நான் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.