வலி எவ்வளவு? மூணுதாம்மா!

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்காவும் நானும் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். வழியில் அக்காவின் இடது கால் செருப்பு கழன்று ரோட்டிலேயே நின்றுவிட்டது. அக்கா நிற்கவில்லை.

நல்ல வெயில். தார் இளகிக் கிடக்கிறது. அதில் வெறுங்காலோடு நாலைந்து வீடு தாண்டிப் போய்விட்டாள். "அக்கா, செருப்பு!" என்று கத்தினேன். திரும்பினாள். குனிந்து காலைப் பார்த்தாள். "வார் தளந்து போச்சு, வேற வாங்கணும்" என்றாள்.

வார் தளர்ந்தால் செருப்பு கழலும், சரி. சுடுவது எப்படித் தெரியாமல் போகும்?

அக்கா ஆரோக்கியம் இங்கே விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் வேலை பார்க்கிறாள். பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்து பொம்மையை எடுக்கும் வேலை. ஈரம் குடித்த அச்சு லேசில் தூக்க வராது. குனிந்து குனிந்து தூக்கியே இடுப்பு வலி வந்து பல வருடம் ஆகிறது. தைலம், பெல்ட், ஊசி, மாத்திரை – எல்லாம் பார்த்தாயிற்று.

அப்போதுதான் அந்த ஆராய்ச்சி வந்தது. வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனை நடத்துகிறது. தீராத இடுப்பு வலிக்கு மாத்திரையைக் குறைத்து, வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டா என்று பார்க்கிறார்கள். அக்கா சேர்ந்துகொண்டாள். வாரா வாரம் நிவேதா என்கிற பிசியோதெரபிஸ்ட் பெண் வேப்பூரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். பயிற்சி முடிந்ததும் கேட்பாள்: "பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியல. இந்த வாரம் எவ்வளவும்மா?"

முதல் வாரம் அக்கா எட்டு என்றாள். அப்புறம் ஆறு. நாலு. இப்போது மூணு. எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியிலேயே பாராட்டி எழுதலாமா என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

செருப்பு கழன்ற அன்று மதியம், அக்கா கட்டிலிலிருந்து எழுவதைக் கவனித்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். மூச்சை அடக்கினாள். பாதி எழுந்தவள் அப்படியே நின்று, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

இது மூணா?

"ஏங்க்கா அந்தப் பொண்ணுகிட்ட மூணுன்னு சொல்ற?"

"வேற என்னடா சொல்லச் சொல்ற? பஸ்ஸுல வேப்பூர்லேர்ந்து நின்னுக்கிட்டே வருது. ரெண்டாவது வாரமும் எட்டுன்னுதான் வாயெடுத்தேன். மூஞ்சி சுண்டிப் போச்சு. பாவமா இருந்துது... ஆறுன்னு மாத்திக்கிட்டேன்."

"கால் மரத்துப் போவுதான்னு கேக்குமே?"

"கேக்கும். இல்லம்மான்னுடுவேன். இவ்ளோ சொல்லிக்குடுத்தும் மரத்துப் போவுதுன்னா அதுக்கு எவ்ளோ சங்கடமா இருக்கும்?"



பத்திரிகை வேலையில் ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டவன் நான். அதிகாரி பக்கத்தில் நிற்கும்போது, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டால், "வருதுங்க" என்பார்கள். அவர் ஜீப் கிளம்பியதும் காலிக் குடத்தைக் காட்டுவார்கள். அங்கே பயம். எங்கள் வீட்டில் பிரியம். பதில் என்னவோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இடுப்பு வலிக்கு? ஸ்கேனில் எலும்பு தேய்ந்தவர் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிறார். ஸ்கேன் சுத்தமாக இருப்பவர் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்கிறார். எவ்வளவு பெரிய ஆராய்ச்சியும் கடைசியில் நோயாளியின் வாயைத்தான் நம்பியிருக்கிறது. அந்த வாய், வீட்டுக்கு வந்தவர் மனம் கோணக் கூடாது என்று நினைக்கிற வாயாக இருந்தால்...?

நிவேதாவுக்கு போன் போட்டேன். செருப்பு விஷயத்தைச் சொன்னதும் "இப்பவே வரேன் சார்" என்றாள்.

வந்ததும் அக்காவைக் குதிகாலால் நடக்கச் சொன்னாள். வலது கால் விரல்கள் மேலே எழும்பின. இடது கால் விரல்கள் தரையை விட்டு எழும்பவே இல்லை. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, தன் காலை யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நான் தெனம் செய்யறேம்மா, நீ சொல்லிக்குடுத்ததை" என்றாள்.

"செய்யறீங்கம்மா, தெரியும். ஆனா நீங்க மூணுன்னு சொன்னா நான் மூணுன்னுதான எழுதிட்டுப் போவேன்? உங்கள மாதிரி நாலு பேர் சொன்னா, இந்தப் பயிற்சியிலயே எல்லாம் சரியாவுதுன்னு ஆயிடும். அப்புறம் வலின்னு வர்றவங்களுக்கெல்லாம் இதையே குடுத்து அனுப்புவாங்க."

அக்கா யோசித்தாள். "அப்ப நெசத்தையே எழுதிக்க. ஒன் வேலைக்கு ஒண்ணும் வராதே?"

"என் வேலைக்கு ஒண்ணும் வராது. உங்க காலுக்குத்தான் வந்திருக்குது." திரும்பி நின்று ஆராய்ச்சி நடத்தும் டாக்டருக்கு போன் செய்தாள்.

மறுநாளே கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். இடுப்பில் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறதாம். சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். கால் பழையபடி ஆகுமா என்று கேட்டேன். "மரத்துப்போக ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா தைரியமா சொல்லியிருப்பேன். இப்ப அழுத்தத்த எடுத்துட்டுத்தான் பாக்கணும்" என்றார் டாக்டர். நாளைக்கு ஆபரேஷன். அந்தக் கால் இனி அக்காவைத் தாங்குமா, தெரியாது. பட்டறையிலிருந்து ஆள் வந்து எப்போது வேலைக்கு வருவாள் என்று கேட்டுவிட்டுப் போனார். என்னத்தைச் சொல்வது?

ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் வீட்டில் நாங்கள் யாரும் அவளிடம் வலி எவ்வளவு என்று கேட்டதில்லை. "இன்னும் வலிக்குதா?" என்றுதான் கேட்டிருக்கிறோம். இப்போது கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுக்கா. பத்துக்கு எவ்வளவு?"

கூரையைப் பார்த்துக்கொண்டே, "ஒம்போது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, ஏழுன்னு வெச்சுக்கயேன்."