அண்ணன் குரலுக்குக் கேட்ட உத்தரவு

என்ற அண்ணனுக்குத் தொண்டையில சீக்கு வந்து, ஆபரேஷன் பண்ணி, குரல்பெட்டியையே எடுத்துட்டாங்க. கழுத்துல ஒரு ஓட்டை, அதுலதான் மூச்சு. அது மேல ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பாரு. வாய் அசையும், சத்தம் வராது. முன்னெல்லாம் தோப்புல நின்னு மோட்டாரை நிறுத்தச் சொல்லி அவரு ஒரு சத்தம் போட்டா, ரெண்டு வயல் தாண்டி ஊட்டுல அடுப்படியில நிக்கற நங்கை, அதாவது அண்ணன் சம்சாரம், திடுக்குனு ஓடுவாங்க. அப்படிப்பட்ட மனுசன் இப்ப ஒரு டம்ளர் தண்ணி வேணும்னாலும் கை தட்டணும். கழுத்துல வெச்சுப் பேசற மிஷின் ஒண்ணு ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. ஒரே ஒரு தடவை வெச்சுப் பாத்தாரு. மாவு மில்லு ஓடற மாதிரி வந்துச்சு. பீரோவுக்குள்ள போட்டவரு அப்பறம் அதைத் தொடலை. வெளிய போறதையும் நிறுத்திட்டாரு. எங்க ஊரு வடகரப்பதியில நாலு பேரு நின்னு பேசற எடத்துல ஊமையா நிக்க அவருக்குப் பிடிக்கலை.

நான் கொழிஞ்சாம்பாறையில ஒரு ஸ்டுடியோவுல கல்யாண வீடியோவுக்குப் பாட்டுச் சேக்கற சோலி பாக்கறேன். புருசன் ஊட்டோட ஒத்துவராம திரும்பி வந்தவ, அண்ணன் ஊடுதான் என்ற ஊடு. மிச்ச நேரத்துல கம்ப்யூட்டர்ல எலக்ட்ரானிக் மியூசிக் பண்ணுவேன். ஏதாவது ஒரு பழைய சத்தத்துல ஒரு துண்டை வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓட விட்டு, அதுக்கடியில தாளமும் பேஸும் போடறது. குரல் இருந்த காலத்துல அண்ணன் இதைக் கேட்டுட்டு, "ஏனம்மிணி, இது பாட்டா, இல்ல போர்வெல் வண்டி வந்திருக்குதா?"ன்னு கேலி பண்ணுவாரு. எனக்குச் சுர்ருனு வரும். இப்ப அந்தக் கேலிக்கு ஏங்கறேன்.

நான் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்ப, மாரியம்மன் நோம்பிக்குக் கும்மி பாடின ஆறு பேரைக் கேசட் கம்பெனிக்காரரு ஒருத்தரு வேன்ல ஏத்திக் கோயமுத்தூர்ப் பக்கம் கூட்டிட்டுப் போயிப் பதிவு பண்ணினாரு. முன்பாட்டு அண்ணன். அப்ப அவருக்கு இருபத்தி மூணு, நாலு இருக்கும். ஆளுக்கொரு கேசட்டும் ஒரு துண்டும் குடுத்து அனுப்பினாங்க. ஏதோ பேப்பர்ல ஒப்புப் போட்டாங்களாம். என்ன பேப்பர்னு யாரும் கேக்கலை. அண்ணன் குரல்னு இப்ப இந்த உலகத்துல மிச்சமிருக்கறது அந்த ஒரு கேசட்தான்.

அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, இரைச்சலைக் கழிச்சு, நாலு அடியை மட்டும் எடுத்தேன். கும்மி அடிக்குத் தகுந்த வேகத்துல தாளம் போட்டேன். அண்ணன் காதுல ஹெட்போனை மாட்டி விட்டேன். குரல் வந்ததும் அவரு கை தன்னால கழுத்துத் துணிக்குப் போச்சு. அஞ்சு தடவை கேட்டுட்டு, போன்ல எழுதிக் காட்டினாரு: "நானா இது? நல்லாத்தான் பாடியிருக்கேன்." அன்னைக்கு நான் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில போயி அழுதுட்டு வந்தேன்.

இதை நாலு பேரு கேக்கற மாதிரி வெளிய விடலாம்னு முடிவாச்சு. நங்கைதான், "அம்மனுக்குப் பாடினது, அவளைக் கேக்காம எப்படி?"ன்னாங்க. எங்கூர்ல கெணறு வெட்டறதுன்னாலும் கல்யாணம் பேசறதுன்னாலும் பூக் கேப்போம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் சாமி காலடியில வெச்சு, பூசாரி கண்ணை மூடி ஒண்ணை எடுப்பாரு. வெள்ளை வந்தா உத்தரவு. அந்தக் கேசட்டுல கூடப் பாடினவங்கள்ல உசுரோட இருக்கற மூணு பேரும் குளிச்சுட்டு வந்து நின்னாங்க. வெள்ளை வந்துச்சு. "உத்தரவாயிருச்சு போ அம்மிணி, ஜாம்ஜாம்னு போடு"ன்னாரு பூசாரி. எல்லாரும் தேங்காய் மூடி வாங்கிட்டுக் கலைஞ்சோம்.

இன்டர்நெட்டுல பாட்டை ஏத்தற எடத்துல ஒரு கட்டம் இருக்கும். இந்த ஒலிக்கான அனுமதி உங்களிடம் உள்ளதான்னு கேக்கும். எனக்குத் துளி சந்தேகம் வரலைங்க. பாடினவரு பக்கத்துல உக்காந்திருக்காரு. கூடப் பாடினவங்க சரின்னுட்டாங்க. அம்மனே குடுத்துட்டா. இன்னும் யாரைக் கேக்கோணும்? டிக் அடிச்சேன். இத்தனை வருசம் இதே தொழில்ல குப்பை கொட்டற எனக்கு, பதிவு பண்ணினவன்னு ஒருத்தன் இருக்கானேன்னு தோணவே இல்லை. என்னைச் செருப்பால அடிக்கோணும்.

ஒரே மாசத்துல அந்தப் பாட்டு எங்கெங்கயோ போயிருச்சு. கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுல நிக்கற ஆட்டோவுல, கும்மி பழகற பொண்ணுக போன்ல, தேங்காய் லோடு ஏத்தற எடத்துல. அண்ணன் ஒரு நாள் பொழுதோட சட்டை மாத்திட்டு டீக்கடைக்குப் போனாரு. நானும் நங்கையும் வாசல்ல நின்னு பாத்தோம். அங்க ஒருத்தரு, "ஏனுங்க, உங்க குரல்தானுங்களே இது? சின்ன வயசுல கேட்டதுங்க, அப்படியே இருக்குதுங்க"ன்னாராம். அண்ணன் ஊட்டுக்கு வந்து அதை எழுதிக் காட்டினாரு. அடுத்த நாளும் போனாரு. ஊமையா உக்காந்திருப்பாரு, யாரு போன்லயாவது அவரு பாடிட்டிருப்பாரு. அதுக்காகத்தான் போனாரு.

அப்பறம் ஒரு நாள் பாட்டு இல்லை. இன்னொருத்தருடைய ஒலிப்பதிவு, நீக்கப்பட்டதுன்னு மெயில் வந்திருந்துச்சு. அடப் பாவிகளா, என்ற அண்ணன் குரலு எப்படிடா இன்னொருத்தருதுன்னு ஸ்டுடியோவுல கத்தினேன். எங்க மொதலாளி, "ஏழு செகண்டுக்குள்ள வெட்டியிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு யாரோ சொன்னதை எனக்குச் சொன்னாரு. ஏழு செகண்டா வெட்டியும் போட்டேன். அதையும் தூக்கிட்டாங்க.

அந்தக் கேசட் கம்பெனிக்காரரைத் தேடி அண்ணனும் நானும் போனோம். இப்ப பெயிண்ட் கடை வெச்சிருக்காரு. நல்ல மனுசன்தான், காப்பி வாங்கிக் குடுத்தாரு. "கேசட் ஓய்ஞ்சப்ப ஒட்டுக்கா எல்லாத்தையும் ஒரு பெரிய கம்பெனிக்கு வித்துட்டனுங்க அம்மிணி"ன்னு பழைய பேப்பரோட நகலை எடுத்துக் காட்டினாரு. பதிவின் உரிமை முழுக்க, எல்லா வடிவத்திலும், தயாரிப்பாளருக்கேன்னு போட்டிருந்துச்சு. கீழ அண்ணனோட ஒப்பு. அப்ப அவரு ஒப்புக்கு அடியில ரெண்டு கோடு இழுப்பாரு, அந்தக் கோடு கூட இருந்துச்சு. அண்ணன் அது மேல வெரலை வெச்சுட்டே இருந்தாரு. அவரு மூச்சுக் கழுத்துல கர்ருகர்ருன்னு இழுத்துச்சு.

பெரிய கம்பெனிக்கு மெயில் போட்டேன். எந்தப் பதிவு, எத்தனை செகண்டு, எதுக்காகன்னு ஃபாரம் அனுப்பினாங்க. நிரப்பினேன். காரணம்ங்கற எடத்துல பாடினவருக்கு இப்ப குரல் இல்லைன்னும் எழுதினேன். யாரும் அதைப் படிச்ச மாதிரி தெரியலை. மாசக்கணக்குல மெயிலு, போனு. கடைசியில ஒரு நாள் காலையில ஒரு பொண்ணு அவங்களாவே கூப்பிட்டாங்க. நான் சட்னிக்கு அரைச்சுட்டிருந்தேன், கையில ஈரம், ஸ்பீக்கர்ல போட்டேன். அண்ணன் எதுக்கால இட்லி சாப்பிட்டுட்டிருந்தாரு.

"மேடம், அந்தப் பழைய பதிவுகளை ரீமிக்ஸுக்கு நாங்க குடுக்கறதில்லை. அது கம்பெனி முடிவு"ன்னாங்க. அப்பறம் குரல் கொஞ்சம் எளகி, நெசமாவே எனக்கு உதவற மாதிரி சொன்னாங்க: "ஆனா கவலைப்படாதீங்க மேடம். அது பழைய கும்மிப் பாட்டுதானே, பாட்டு யாருக்கும் சொந்தமில்லை. அந்தப் பதிவு மட்டும்தான் எங்களுது. பாடினவரு இருக்காருன்னு எழுதியிருக்கீங்களே, அவரையே மறுபடி பாட வெச்சுப் பதிவு பண்ணிக்கோங்க. யாருகிட்டயும் அனுமதியே வேண்டாம்."

நான் போனை அமுக்கறதுக்குள்ள எல்லாமே அண்ணன் காதுல விழுந்துருச்சு. அந்தப் பொண்ணைத் திட்டவும் முடியாது, அவங்க சொன்னதுல தப்பே இல்லையே. அண்ணன் மிச்ச இட்லியைச் சாப்பிட்டுட்டுக் கை கழுவினாரு.

மறுநாள் நான் வேலைக்குக் கெளம்பறப்ப என்ற ரூமுக்கு வந்தாரு. நல்ல சட்டை போட்டிருந்தாரு. மைக்குக்கு முன்னால உக்காந்து, கழுத்துத் துணியை அவுத்து மடியில வெச்சாரு. மைக்கை இழுத்துக் கழுத்துக்கு நேரா வெச்சுட்டு, பதிவு பண்ணுன்னு சைகை காட்டினாரு.

"வேண்டாங்ண்ணா"ன்னேன்.

மறுபடி காட்டினாரு. அமுக்கினேன்.

தொடையில தாளம் தட்டிட்டே நாலு அடியும் பாடினாரு. ஒரு வார்த்தை விடாம வாய் சொல்லுச்சு. இழுக்க வேண்டிய எடத்துல இழுத்தாரு, கழுத்து நரம்பு பொடைச்சு நின்னுச்சு. ஹெட்போன்ல எனக்குக் காத்து மட்டும்தான் கேட்டுச்சு. முடிச்சுட்டு, போட்டுக் காட்டுன்னு கையை நீட்டினாரு. அவரு காதுல மாட்டி விட்டேன். கடைசி வரைக்கும் கேட்டாரு. அப்பறம் போனை எடுத்து எழுதினாரு: "அவங்களுக்கு அனுப்பு. பாடிட்டேன்னு சொல்லு."

அனுப்பினேனுங்க. உங்கள் கோரிக்கை கிடைத்தது, ஏழு வேலை நாட்களில் பதில் தருவோம்னு தானா ஒரு மெயில் வந்துச்சு. நாலு மாசமாச்சு. தெனமும் நான் வேலை முடிஞ்சு வர்றப்ப அண்ணன் தலையைத் தூக்கி என்ற முகத்தைப் பாக்கறாரு.