கப்பலுக்கு வெளியே நின்றவள்

கல்யாணமான நாளிலிருந்து நானும் என் மனைவியும் சனி, ஞாயிறு மட்டும்தான் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குத் திருப்பதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. அவள் குடிபாலாவைத் தாண்டி, வேலூர் எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். சித்தூரில் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்துத் தங்கிக்கொண்டு, அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தாள். கடையைச் சித்தூருக்கு மாற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. வேலையை விட அவளுக்கு மனசில்லை. மாற்றல் கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. மற்ற நாட்களில் போன்தான் எங்கள் வீடு.

போனில் எவ்வளவுதான் பேசுவது? சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே, கூட்டம் இருந்ததா என்பதோடு பேச்சு தீர்ந்துபோகும். அப்படி ஒரு சமயத்தில்தான் அந்த விண்வெளித் தொடர் எங்களுக்குக் கிடைத்தது. பூமி வாழ முடியாமல் போன பிறகு, ஒரு பெரிய கப்பலில் கிளம்பி வேறு இடம் தேடுகிற ஜனங்களின் கதை. வெளிநாட்டுத் தொடர், ஆனால் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுப் பகுதி வரும். நான் கடையின் உள்ளறையிலும் அவள் சித்தூர் மாடியிலும் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, "வச்சிட்டியா? இப்போ அமுக்கு" என்று சொல்லி ஒரே நேரத்தில் பார்ப்போம். அவள் சிரிக்கிற சத்தம் என் காதுக்கு வந்த பிறகுதான் என் திரையில் அந்தச் சிரிப்புக் காட்சி வரும். அவளுடைய நெட் கொஞ்சம் வேகம்.

கப்பலில் தோட்டம் பார்க்கிற ஒரு பெண் இருந்தாள். சண்டை போடமாட்டாள், பெரிதாக வசனமும் கிடையாது. செடிகளோடு பேசுவாள். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஏதாவது ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து நிற்பாள். என் மனைவிக்கு அவள் மேல்தான் உயிர். அந்தப் பெண்ணுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் யாரென்று தெரியாது. தொண்டை கொஞ்சம் கட்டியது போன்ற, அவசரமே இல்லாத குரல். "இந்தக் குரல்ல பேசினா என் வார்டுல எந்தக் கொழந்தையும் ஊசிக்கு அழாது" என்பாள்.

இரண்டாவது வருஷத் தொடரின் கடைசிப் பகுதியில் கப்பல் ஒரு பனிக் கிரகத்தில் இறங்குகிறது. தோட்டக்காரி மண் எடுத்துவர வெளியே போகிறாள். புயல் வருகிறது. மற்றவர்களைக் காப்பாற்ற கேப்டன் கதவை மூடச் சொல்கிறார். அவள் ஓடிவந்து, மூடிய கதவில் உள்ளங்கையை வைக்கிறாள். அதோடு முடிந்தது. அடுத்த வருஷம் வரும் என்று காத்திருந்தால், தயாரித்த கம்பெனி 'இனி எடுக்கப்போவதில்லை' என்று அறிவித்துவிட்டது.

அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு அவள் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, அவ்ளோதானா? அவள அப்டியே வுட்டுட்டாங்களா?"

"பார்க்கறவங்க கம்மியாம். லாபம் இல்லன்னா எடுக்கமாட்டான்."

"லாபம் இல்லன்னா ஒருத்திய வெளில நிக்க வெச்சிட்டுப் போவாங்களா?"

கதைதானே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் குரலைக் கேட்ட பிறகு வாய் வரவில்லை.

ஒரு வாரத்துக்குள் உலகம் முழுக்க இருக்கிற ரசிகர்கள் ஒரு வேலையை ஆரம்பித்தார்கள். அவரவர் வீட்டுக் கதவைத் திறப்பதை வீடியோ எடுத்துக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போடுவது. பேச்சு வேண்டாம், எழுத்து வேண்டாம், கதவு திறந்தால் போதும். 'அவளை உள்ளே விடுங்கள்' என்று அர்த்தம். என் மனைவி இதைக் கண்டுபிடித்ததும் முதல் வேலையாகச் சனிக்கிழமை காலை திருப்பதிக்கு வந்து, என் கடை ஷட்டரை நான் தூக்குவதை எடுத்தாள். எண்ணெய் போடாத ஷட்டர். கிறீச்சென்று கத்தியது.

"எண்ணெய் போட்டுட்டு எடுக்கலாமே" என்றேன்.

"வேணாம். கஷ்டப்பட்டுத் தொறக்கறாப்ல இருக்குது. நல்லா இருக்குது."

அப்புறம் கதவு கதவாக எடுத்தாள். ஆர்டிசி பஸ் கதவு, தடுப்பூசி ஃபிரிட்ஜின் கதவு, நகரியில் அவள் நைனா வீட்டு மாட்டுக் கொட்டகைப் படல். மாமனார் படலைத் திறந்ததும் கன்றுக்குட்டி வெளியே ஓடிவிட்டது. "புடி, புடி" என்று அவர் கத்துவதும் வீடியோவில் இருக்கிறது. கீழ்த் திருப்பதியில் வளர்ந்த என் கடைப் பக்கத்துத் தெலுங்கு வியாபாரி, "வைகுண்ட ஏகாதசிக்குத்தான் வாசல் திறப்பாங்க, உங்க வீட்டம்மாவுக்கு தினமும் ஏகாதசியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, தன் குடோன் கதவையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

சுகாதார நிலையத்தில் ஒருநாள் பிரசவம். வெளியே பெஞ்சில் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தாள், எல்லைப் பக்கத்து நிலக்கடலைக் காட்டுக்காரி. குழந்தை நல்லபடியாகப் பிறந்து, தாயையும் பிள்ளையையும் துடைத்துச் சரிசெய்த பிறகு, என் மனைவி வெளியே வந்து விஷயத்தைச் சொன்னாள். கூடவே, ஆள் முகம் எதுவும் தெரியாமல் கதவை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"ஒரு கதைல ஒரு பொம்பள கதவுக்கு வெளிய நின்னுக்கினு இருக்கா ஆயா. அவளுக்காக."

"ஐயோ பாவம். எம்மா நேரமா நிக்கறா?"

"ஒரு வருஷம் ஆவப்போவுது."

அந்தம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "நானும் காலைலேர்ந்து வெளியதான் குந்திக்கினு இருக்கறேன். தள்ளு, நானே தொறக்கறேன்" என்று சொல்லி, சுருக்கம் விழுந்த கையைக் கதவில் வைத்துத் தள்ளினாள். உள்ளேயிருந்து குழந்தை அழுகிற சத்தம் வந்தது. அங்கேயே வீடியோவை நிறுத்திவிட்டாள் என் மனைவி. அதை எனக்கு அனுப்பியபோது கடையில் ஓர் ஆளுக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். எழுத்துப் பலகையை அவர் படித்து முடித்தும் நான் கவனிக்கவில்லை.

ஆனால் மாதங்கள் போகப்போக அந்தக் கூட்டத்தின் பேச்சு மாறியது. கம்பெனி வாயே திறக்கவில்லை. கோபத்தில் சிலர் அந்தத் தொடரை எழுதியவரைத் திட்ட ஆரம்பித்தார்கள். அவர் வீட்டுப் படத்தைத் தேடிப் போட்டார்கள். அவர் பிள்ளைகளைப் பற்றியும் எழுதினார்கள். என் மனைவி இருந்த தமிழ் ரசிகர் குழுவிலும் அதே பேச்சு. அவள் அங்கே குரல் பதிவு ஒன்று போட்டாள். போடுவதற்கு முன் எனக்குப் போனில் பேசிக் காட்டினாள்.

"நான் நர்ஸ். எங்க வார்டுல வந்து கத்தறவங்கள தினமும் பார்க்கறேன். அவங்க கத்தறாங்கன்னு வைத்தியத்துல நாங்க எதையும் கொறைக்கறதில்ல. ஆனா பக்கத்துல வந்து நின்னு, 'என் பொண்ணுக்கு வலிக்குதும்மா'ன்னு சொல்றவங்க மொகம் வீட்டுக்குப் போனாலும் ஞாபகம் இருக்கும். அந்த எழுத்தாளரும் மனுசன்தான். நம்ம ஞாபகம் அவருக்கு எப்படி இருக்கணும்?"

"ரொம்ப சரியாப் பேசியிருக்கே" என்றேன். அன்று சாயங்காலமே அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள் என்று ஒருவர் எழுதியிருந்தாராம். அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த வாரம் பஸ்ஸேறி நான்தான் சித்தூருக்குப் போனேன். இருவரும் மாடியில் உட்கார்ந்து நெல்லூர்ப் பக்கம் போகிற மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது அவளுக்கு ஒரு போன் வந்தது. மலேசியாவில், பினாங்கிலிருந்து ஓர் அம்மா. அதே குழுவில் இருந்தவர், பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை.

"தங்கச்சி, நீங்க போனதும் நானும் வெளியேறிட்டேன்லா. உங்க பேச்ச என் வீட்டுக்காரருக்குக் கூடப் போட்டுக் காட்டினேன். நாம ரெண்டு பேரே தனியா செய்வோமா?"

இரண்டு பேரோடு ஆரம்பித்த அந்தச் சின்னக் குழுவில் மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். யாரையும் திட்டக்கூடாது என்பது மட்டும்தான் விதி. மற்றக் கூட்டங்கள் போட்ட சத்தத்தோடு பார்த்தால் இவர்கள் செய்தது ஒன்றுமே இல்லை. கதவு திறந்தார்கள். நன்றி சொல்லி எழுதினார்கள். தோட்டக்காரிக்குக் குரல் கொடுத்தவரைப் பற்றிச் சொல்லி, 'எங்கள் ஊரில் அவள் இப்படித்தான் பேசுகிறாள்' என்று விளக்கினார்கள்.

பிறகு ஒருநாள் கம்பெனி அறிவித்தது. தொடர் வராது, கதையை முடித்துவைக்க ஒரே ஒரு முழுநீளப் படம் எடுக்கப்போகிறார்கள். அறிவிப்போடு ரசிகர்கள் அனுப்பிய கதவுகளைக் கோத்து ஒரு வீடியோ போட்டிருந்தார்கள். எங்கெங்கோ உள்ள கதவுகள் மளமளவென்று திறந்தன. நடுவில், கண் சிமிட்டுகிற நேரத்துக்கு, பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு கதவும் சுருக்கம் விழுந்த ஒரு கையும். குழந்தை அழுகிற சத்தத்தோடு. அவள் போனில் "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த நாள் அந்தம்மாவின் வீட்டைத் தேடிப் போய்க் காட்டினாளாம். அந்தம்மா தன் கையைத் தானே பார்த்துவிட்டு, "இப்ப உள்ள வுட்டுட்டாங்களா அவள?" என்றுதான் கேட்டாள்.

படம் எடுத்து முடிகிற நேரத்தில் சின்னக் குழு ஒரே ஒரு விஷயம் கேட்டு எழுதியது: தமிழில் அதே குரல் வேண்டும். பதில் வரவில்லை.

படம் வெளியாகும் வாரம் என் மனைவி லீவு போட்டுவிட்டுத் திருப்பதிக்கு வந்துவிட்டாள். அதே வாரத்தில்தான் பினாங்கு அக்கா திருமலை தரிசனத்துக்கு வந்தார். மொட்டையடித்த தலையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே என் மனைவியைக் கட்டிக்கொண்டார். அதற்குமுன் நேரில் பார்த்ததே இல்லை. இருவரும் சேர்ந்து சமையலறையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் ஒரே டிவிக்கு முன்னால் உட்கார்ந்தோம். கதையில் இருபது வருஷம் ஓடிவிட்டது. போன கப்பல் திரும்பி வந்து அதே கிரகத்தில் இறங்குகிறது. கதவு திறக்கிறது. வெளியே பனி இல்லை. சின்னதாக ஒரு தோட்டம், நடுவே தலை நரைத்த அவள். கேப்டன் படியிறங்கி வருகிறார். அவள்தான் பேசினாள்: "சாப்பிட்டுட்டுப் போங்க."

அதே குரல். கொஞ்சம் வயசாகியிருந்தது, ஆனால் அதே குரல். பினாங்கு அக்கா என் மனைவியின் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

படம் முழுவதும் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. ரசிகர்கள் கேட்டதையெல்லாம் போட்டிருந்தார்கள். முன்பே நொறுங்கிப்போன சமையல் ரோபோ காரணமே இல்லாமல் எழுந்து வந்து நகைச்சுவை செய்தது. கல்யாணம் ஆகவேண்டும் என்று பலர் கேட்ட இருவருக்கு அவசரமாகக் கல்யாணம் ஆனது.

"கேட்டத எல்லாம் குடுத்தா இப்டித்தான் ஆவும்" என்றாள் என் மனைவி. "சக்கரை நோயாளி கேக்கறார்னு ஜிலேபி குடுக்கற மாதிரி."

"நாமும்தானே கேட்டோம் தங்கச்சி?"

"கேட்டோம். அதான் பயமா இருக்குது அக்கா. நம்ம வேண்டுதல மட்டும் நல்லதுன்னு எப்டி சொல்றது?" தண்ணீர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டே, "ஆனா அவளுக்குக் கதவு தொறந்துட்டாங்க. அது போதும்" என்றாள்.

படம் நன்றாக ஓடியது. உடனே கம்பெனி அந்த ரோபோவை மட்டும் வைத்துப் புதுத் தொடர் எடுக்கப்போவதாகச் சொன்னது. பெரிய கூட்டம் கொண்டாடியது. தோட்டக்காரி அதில் இல்லை. என் மனைவி முதல் பகுதியைப் பாதி பார்த்துவிட்டு நிறுத்தினாள். கோபமெல்லாம் இல்லை. "இது வேற யாருக்கோ எடுத்தது. அவங்க பார்க்கட்டும்" என்றாள்.

அடுத்த வருஷம் நாங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் அவளுக்குத் திருப்பதியிலிருந்து தினமும் போய்வரக்கூடிய ஏர்பேடு பக்கம் மாற்றல் கிடைத்தது. சித்தூர் மாடியறையைக் காலி செய்தோம். சாமான் அதிகம் இல்லை, ஒரு ஆட்டோவில் அடங்கியது. இப்போது காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கிராமத்து நெல் வயல்களைப் பற்றியும் புது டாக்டரைப் பற்றியும் வாய் ஓயாமல் சொல்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் ஏதாவது போட்டுப் பார்க்கலாம் என்று உட்காருவோம். பாதியில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கதை புரிகிறதோ இல்லையோ, அசையாமல் கடைசிவரை பார்க்கிறேன்.