கத்தரிக்கோலுக்குத் தப்பாத என் படம்

2005-ஆம் வருஷம், பம்மலில் தோல் பை தைக்கும் ஒரு பட்டறை. அவர்களுக்கு சாஃப்ட்வேர் செய்து தர எங்கள் கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. என்னை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் வேலை. ஆர்டர் வந்ததிலிருந்து பை வண்டியேறும்வரை என்னென்ன நடக்கும் என்று கட்டமும் அம்புக்குறியுமாகப் படம் வரைந்து கொண்டுபோனேன். பட்டறை முதலாளி அதில் கையெழுத்துப் போடாவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று எங்கள் மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார்.

முப்பத்தெட்டுக் கட்டங்கள்! அத்தனையையும் ஒரே தாளில் அடக்கிவிட்ட பெருமை எனக்கு. முதலாளி அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். "ஒண்ணும் புரியல சார். எங்க கட்டிங் அக்காவுக்குப் புரிஞ்சா கையெழுத்துப் போடறேன்" என்றார். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

தோல் வெட்டும் அந்த அக்காவுக்கு ஏறக்குறைய என் வயதுதான். பார்த்ததும் சிரித்துவிட்டார். "இன்னா சார், இடியாப்பம் பிழிஞ்சு வெச்சுகீற? எங்கேந்து பாக்கறது இத?" என்றவர், கத்தரிக்கோலை எடுத்துக் கட்டம் கட்டமாக நறுக்க ஆரம்பித்தார். "ஐயையோ அக்கா!" என்று அலறினேன். யார் கேட்டார்கள்?

வெட்டுவதற்காகத் தோலின்மேல் அச்சு அட்டைகளை வைக்கும்போது பெரிய துண்டுக்கு முதலில் இடம் பார்த்துவிட்டு, சின்னவற்றைச் சுற்றி அடுக்குவது அவர்கள் வழக்கம். அதே கணக்கில், நான் படித்துச் சொல்லச் சொல்ல, அக்கா கட்டிங், தையல், செக்கிங் மூன்றையும் மேசையில் விரித்த ஒரு புதுத் தாளில் வரிசையாக வைத்தார். மற்றதெல்லாம் அதது பக்கத்தில். அம்புக்குறிகளைப் புதிதாகப் போட்டேன். ஒரு கோடுகூட இன்னொன்றை வெட்டவில்லை. அப்போதுதான் அக்கா கேட்டார், "செக்கிங்ல கோணத் தையல்னு தள்ளின பை திரும்பத் தையலுக்குப் போவணுமே, வழி எங்க கீது?"

அப்படி ஓர் அம்பை நான் போடவே இல்லை. கோடுகளின் நெரிசலில் அது இல்லாதது என் கண்ணுக்கே தெரியவில்லை. அப்படியே விட்டிருந்தால் கோணல் பையெல்லாம் வண்டியேறியிருக்கும்.

அம்பைப் போட்டு, துண்டுகளைப் பசையால் ஒட்டினோம். முதலாளி பார்த்தார். "அட, இது நம்ம பட்டறை!" என்று கைதட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "நாந்தான வெட்டினேன், நானும் போடறேன்" என்று அக்காவும் கீழே போட்டார். பசை நாறும் அந்தத் தாளோடு ஷேர் ஆட்டோவில் ஆபீஸ் வரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இன்றுவரை எத்தனையோ படங்கள் வரைந்தாயிற்று. பார்ப்பவர் தலையாட்டினால் எனக்குப் போதவில்லை. விரல் வைத்து ஒரு தப்பைக் காட்டினால்தான், படம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று மனம் குளிர்கிறது.