எதிர்த் தொட்டிக்கு ஓர் ஆள்

காலை பத்தரைக்கு நாவலப்பிட்டியில் பஸ் ஏறினேன். கண்டிக்கு நாற்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மனைவி செல்வி இறந்து ஏழு மாதம்; அதற்குப் பிறகு இதுதான் முதல் பயணம். பௌதிகவியல் ஆசிரியனாகச் சுழற்சி இயக்கம் படிப்பித்தே ஓய்வு பெற்றவன், ராட்டினத்தில் ஏறியதே இல்லை. செல்விக்கும் ஆசைதான். நானாவது ஏறிவிட்டு வருவோம் என்று கிளம்பினேன்.

பன்னிரண்டரைக்குக் கண்டியின் ஓரத்திலுள்ள கெட்டம்பே மைதானம். வேலை நாள், தூறல் வேறு, கார்னிவல் ஈயோட்டிக்கொண்டிருந்தது. நானூறு ரூபாய் டிக்கெட்டை நீட்டினால் ராட்டினக்காரர் கையை ஆட்டினார்.

“தனியா ஏத்த மாட்டோம் சேர். எதிர்த் தொட்டிக்கு ஆள் வரட்டும்.”

சுருக்கென்றது. தனியா எப்படி இருக்கீங்க என்று ஊரே கேட்டுக் கொல்கிறது. இப்போது இந்த இரும்புச் சக்கரமுமா! ஆனால் மனிதர் சொன்னது சரி. ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறினால் சக்கரம் அந்தப் பக்கமே இழுக்கும், மோட்டார் திணறும். கரும்பலகையில் நான் எத்தனை தடவை வரைந்த படம் அது.

அரை மணி நேரம் நனைந்தேன். ஊர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ராட்டினக்காரரிடம் சொல்லித் திரும்பும்போது ஓர் இளம்பெண் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இங்கே ஆஸ்பத்திரியில் தாதியாம்.

“நானும் தனியத்தான் வந்தனான். இஞ்ச ஒருத்தரையும் தெரியாது. எதிர்ப் பக்கம் நான் இருக்கிறன், சேர்.”

சுற்றத் தொடங்கியது. உச்சியில் மையத்தை நோக்கிய ஆர்முடுகல், அதாவது முடுக்கம், கீழ்நோக்கி இருக்கும். ஆசனம் நம்மைத் தாங்குவது குறையும், உடல் இலேசாகும். கணக்கு தெரியும், வயிற்றுக்குள் அந்த மிதப்பு தெரியாது! செல்வி பக்கத்தில் இருந்திருந்தால் பயத்தில் என் கையைக் கிள்ளியே எடுத்திருப்பாள். கீழே மகாவலி, எங்கள் ஊர்த் தண்ணீர்தான், கலங்கி ஓடியது. காட்டிச் சொல்ல ஆளில்லை. அந்தப் பிள்ளையைத் தேடினேன். நான் மேலே போனால் அவள் கீழே. எத்தனை சுற்றானாலும் இடைவெளி மாறவில்லை.

முதலில் என்னை இறக்கினார்கள். அவள் உச்சியில் நின்றாள்.

“நீங்க போகலாம் சேர்.”

“அந்தப் பிள்ளை எறங்கட்டும்ப்பா.”

இறங்கியவள் என்னைப் பார்த்துத் திகைத்தாள். “உங்கட பஸ் போயிடுமெல்லோ?”

“போனா அடுத்தது வரும்மா. வாங்க, ஒரு பிளேன்டீ குடிப்போம்.”

குடித்தோம். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், நான் பஸ்ஸுக்கு வந்தேன்.

ஏழு மாதமாகக் கட்டிலின் ஓரத்திலேயே படுக்கிறேன். மறு ஓரம் செல்வியுடையது. சக்கரத்தின் நடு அச்சில் வைத்த பாரத்துக்கு எதிர்ப்பாரம் வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன்தானே நான். வீடு வந்து அன்றைக்கு நடுக்கட்டிலில் படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. மெல்ல என் ஓரத்துக்கே நகர்ந்தேன்.